பழைய கூலிங் கிளாஸின் உட்பக்கம்

பழைய கூலிங் கிளாஸ்களைத் தேடிச் சேர்க்கிறேன் என்று சொன்னதும், கேட்பவர் எவராக இருந்தாலும், அடுத்து வரும் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதாகவே இருக்கிறது. கேள்வியில் தவறில்லை, ரேபான், டியோர், கார்ட்டியே, பெர்சோல் என்று பெயர்களை வைத்துத்தான் சந்தையில் விலை பேசப்படுகிறது. ஆனால் இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தும், துடைத்தும், பழுது நீக்கியும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து வேறு. வெளிப்பக்கத்தில் மின்னும் பெயர் பல நேரங்களில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை கொடுத்தவருடையது. அந்தக் கண்ணாடியை உண்மையில் செய்தவர் யார், எந்த நாட்டில், எந்தப் பொருளைக் கொண்டு, ஏறத்தாழ எந்தக் காலத்தில் செய்தார் என்பதெல்லாம் காதில் மாட்டும் கைகளின் உட்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கின்றன. சேர்ப்பவர் படிக்க வேண்டியது அந்த உட்பக்கத்தைத்தான்.

என்னிடம் இருக்கும் ஒரு டியோர் கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன். கன்னத்தின் பாதிவரை இறங்கும் பெரிய சட்டம். மேலே அடர்ந்த பழுப்பாகத் தொடங்கி, கீழே வரவரத் தேன் நிறமாகத் தெளிகிறது. வெளியே டியோரின் முத்திரை. உள்ளே இடது கையில் மாடல் எண், நிறத்தின் எண், அளவு. வலது கையில் "ஆப்டில்" என்ற சொல்லும் ஆஸ்திரியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பும். டியோர் பாரிஸில் ஆடை வடிவமைத்த நிறுவனம். கண்ணாடிச் சட்டம் வார்ப்பது அதன் தொழில் அல்ல. 1956இல் ஆஸ்திரியாவில் கரேரா கண்ணாடிகளைத் தொடங்கிய வில்ஹெல்ம் ஆங்கர், 1960களில் ஆப்டில் என்ற எப்பாக்சி பிசினை உருவாக்கி, அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டியோரின் பெயரிலும் கண்ணாடிகளைச் செய்யத் தொடங்கினார். அதுவரை சட்டங்கள் பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக் பலகையிலிருந்து வெட்டிக் கடையப்பட்டன. ஆப்டிலோ அச்சில் ஊற்றி வார்க்கப்பட்டது. அதனால்தான் பலகையில் வெட்டினால் கிடைக்காத வளைவுகளும், ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து இறங்கும் சாயலும் அதில் வந்தன. எடையும் அசிடேட்டைவிடக் குறைவு.

அந்தப் பிசினுக்கு இன்னொரு குணமும் உண்டு. சூடாக்கினால் இளகி, வளைத்த வடிவத்தில் நிற்கும். மறுபடி சூடாக்கினால் வார்த்தபோது இருந்த வடிவத்திற்குத் தானே திரும்பும். என் டியோர் கண்ணாடி கைக்கு வந்தபோது, ஒரு கை டிரங்குப் பெட்டியின் அடியில் நசுங்கிக் கிடந்த வாக்கிலேயே வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. லென்ஸைக் கழற்றிவிட்டு, ஹேர் டிரையரின் சூட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டியபோது, நான் விரல் வைக்காமலேயே அந்தக் கை மெதுவாக முறுக்கவிழ்ந்து நேரானது. இதே சிகிச்சையை அசிடேட்டுக்குச் செய்தால் அப்படி நேராகாது. சூடு மிஞ்சினால் கொப்பளித்துவிடும். உட்பக்கத்தில் இருந்த ஒரு சொல்தான் எது செய்யலாம், எது கூடாது என்பதைச் சொல்லிக்கொடுத்தது.

இப்படிப்பட்ட கண்ணாடிகள் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எப்படிக் கிடைக்கின்றன என்று வெளியூர் நண்பர்கள் வியப்பார்கள். வியப்பதற்கு எதுவுமில்லை. 1991க்கு முன்பு அயல்நாட்டு நுகர்பொருள்களை இங்கே கடையில் வாங்குவது எளிதல்ல. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கொண்டுவந்தால்தான் உண்டு. நம் பக்கத்திலிருந்து கடல் கடந்தவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. செட்டிநாட்டவர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். இளையான்குடி, கீழக்கரை வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கும், 1970களுக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். ஊர் திரும்பும்போது சென்ட், டேப் ரெக்கார்டர், ஃபாரின் சேலை என்று வந்த பெட்டியில் ஒரு கூலிங் கிளாஸும் வரும். எம்.ஜி.ஆரும் கலைஞரும் கருப்புக் கண்ணாடியோடு சுவரொட்டிகளில் நின்ற நாட்டில் அதற்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைத் தோழர்களைப் பாருங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், எனாமல் பாத்திரங்களுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவே, கண்ணாடிகள் ஏதாவது ஒரு பிஸ்கட் டப்பாவில் மூக்குக் கண்ணாடிகளோடு கலந்து கிடக்கும். கடைக்காரர்கள் பித்தளைக்கும் தேக்குக்கும் விலை தெரிந்தவர்கள். பிளாஸ்டிக்கை அவர்கள் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனாலும் கடையில் வாங்குவதைவிட வீட்டில் வாங்குவதையே நான் விரும்புகிறேன், காரணம் வீட்டில் பொருளோடு அதன் வரலாறும் கிடைக்கிறது. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், இரும்புப் பெட்டியிலிருந்து உறையோடு ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுத்த ஆச்சி, "அவுக பினாங்குல இருந்து வந்தப்பப் போட்டுக்கிட்டு வந்தது தம்பி. கொண்டுபோயி ஒடச்சுப் போட்றாதீக" என்றார்கள்.

"பத்திரமா வச்சுக்குவேன் ஆச்சி. எந்த வருசம் வந்தாகன்னு ஞாபகம் இருக்குதா?"

"மூத்தவ கல்யாணத்துக்கு வந்தாக. அப்பன்னா எழுபத்தெட்டு."

அந்த ஒற்றை வரி எனக்கு எந்த முத்திரையையும்விடப் பெரியது. மாடல் எண்ணை வைத்து நாம் ஒரு பத்தாண்டைத்தான் ஊகிக்க முடியும். கல்யாண வருடம் அதற்கு ஒரு வரம்பு கட்டிவிடுகிறது. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் அணிந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன காரியத்திற்கு வாங்கியது என்று சொன்னபடியே எழுதி வைக்கிறேன். உறையைத் தூக்கி எறியாமல் வாங்கிக்கொள்வதும் இதற்காகத்தான். உறையின் உட்புறத் துணியில் விற்ற கடையின் ஊர்ப் பெயர் அச்சிட்டிருக்கும்.

ரேபானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் கிடைப்பதும் அதிகம் போலி வருவதும் அதில்தான். விமானிகளின் கண்கூச்சத்தைக் குறைக்க அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துப் பவுஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் உருவாக்கிய கண்ணாடி 1937இல் ரேபான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1999இல் அந்தப் பெயரை இத்தாலியின் லக்ஸோட்டிகா வாங்கிக்கொண்டது. சேர்ப்பவர்களுக்கு இந்த ஆண்டுதான் எல்லைக்கோடு. பவுஷ் அண்ட் லோம்ப் காலத்தின் பிற்பகுதிக் கண்ணாடிகளில், லென்ஸின் ஓரத்தில் கீலுக்கு அருகே "பி.எல்." என்ற இரண்டு எழுத்துகள் கடுகளவில் பொறிக்கப்பட்டிருக்கும், வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து, நகத்தால் மெல்ல வருடினால் பொறிப்பு தட்டுப்படும். லக்ஸோட்டிகா காலத்தில் அது "ஆர்.பி." என்று மாறிவிட்டது. லென்ஸில் ஓர் எழுத்தும் சட்டத்தில் வேறு காலத்து முத்திரையும் இருந்தால், லென்ஸ் பின்னால் மாற்றப்பட்டது என்று பொருள்.

ஏவியேட்டர் எனப்படும் அந்தப் பழைய விமானிக் கண்ணாடிகளில் சிலவற்றின் உலோகத்தில் "1/10 12கே ஜி.எஃப்." என்ற அடையாளம் இருக்கும். ஜி.எஃப். என்பது "கோல்ட் ஃபில்ட்" என்பதன் சுருக்கம். இதைத் தெற்கு ஆவணி மூல வீதியில் எனக்குப் பழக்கமான பத்தர் ஒருவரிடம் காட்டினேன். அவர் லூப்பைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கைகளின் வளைவிலும், மூக்கில் அமரும் இடத்திலும், திருகு ஏறும் துளையின் விளிம்பிலும் நெடுநேரம் பார்த்தார். "பத்துல ஒரு பங்கு, அதுவும் பன்னெண்டு கேரட்டு. அப்ப எடையில நூத்துக்கு அஞ்சுதான் தங்கம்" என்றார். அவருடைய கணக்கு சரி: பன்னிரண்டு கேரட் என்றால் பாதிதான் தங்கம், அது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. இருபத்திரண்டு கேரட்டில் புழங்குகிற தெருவில் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அவர் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. துளையின் விளிம்பை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "முலாம் இல்ல தம்பி இது, தகடு. சேத்து ஒட்டி அதுக்கப்பறம் கம்பியா இழுத்திருக்கான். நம்ம காலம் வரைக்கும் தேயாது" என்றார். உண்மையில் அப்படித்தான் செய்தார்கள்: சாதாரண உலோகத்தின் மேல் தங்கத் தகட்டைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் பிணைத்து, பிறகு கம்பியாக இழுத்து, அந்தக் கம்பியை வளைத்துச் சட்டமாக்கினார்கள். பல பத்தாண்டு வியர்வைக்குப் பிறகும் அந்த மஞ்சள் மங்காமல் இருப்பது அதனால்தான். இன்று சந்தையில் குவிந்திருக்கும் பூச்சு வேலை ஒரு கோடைக்குள் உரிந்து வெள்ளையாகிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 1990களில் பவுஷ் அண்ட் லோம்ப் ராஜஸ்தானின் பிவாடியில் ஆலை வைத்து ரேபான் தயாரித்தது. மதுரையில் கைமாறும் "ஒரிஜினல் அமெரிக்கன் ரேபான்"களில் சில அந்த ஆலையைச் சேர்ந்தவை. அவற்றை அமெரிக்கன் என்று விற்பது தவறு. ஆனால் இந்தியாவில் செய்தது என்பதற்காக ஒதுக்குவதும் தவறு. கண்ணாடி லென்ஸ், நல்ல கீல், நேர்மையான வேலை. நம் நாட்டுத் தொழில் வரலாற்றின் ஒரு பகுதியாகவே அவற்றை நான் தனி வரிசையில் வைத்திருக்கிறேன்.

லென்ஸைப் பற்றிச் சொல்லும்போது ரேபானின் ஆம்பர்மேட்டிக்கை விட முடியாது. 1978இல் வந்த இந்த லென்ஸ் வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறும். கண்ணாடிக்குள் மிக நுண்ணிய வெள்ளி உப்புப் படிகங்கள் இருக்கின்றன. ஒளி பட்டால் கருக்கும், ஒளி விலகினால் தெளியும். ஆனால் அந்த மாற்றத்தில் வெப்பத்துக்கும் பங்குண்டு. சூடு அதிகமாக இருந்தால் தெளிவிக்கும் வினை வேகமாக நடப்பதால், லென்ஸ் முழுதாகக் கருப்பதில்லை. மே மாதத்து மதுரையில், மாசி வீதியின் உச்சி வெயிலில் நின்றபோது, என்னுடைய ஆம்பர்மேட்டிக் காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்துக்கு மேல் போகவில்லை. அதே கண்ணாடியைக் கொடைக்கானலில், மேகம் விலகிய குளிர்ந்த காலையில் போட்டபோது கரும்பழுப்பாக இறுகியது. பனிமலையில் சறுக்குபவருக்குப் பொருத்தமான லென்ஸ் இது. நமக்கு வைகை ஆற்று வெயிலில் 1953இல் வந்த ரேபானின் ஜி-15 லென்ஸே மேல். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 15 விழுக்காட்டை மட்டும் உள்ளே விடும் அந்தச் சாம்பல் பச்சை லென்ஸ் நிறங்களைப் பெரிதாகத் திரிப்பதில்லை. வேப்பிலை வேப்பிலை நிறமாகவே தெரியும்.

கேசல் கண்ணாடிகள் எனக்கு அரிதாகவே கிட்டியிருக்கின்றன. ஏதென்ஸில் பிறந்த வடிவமைப்பாளர் காரி சல்லோனி 1970களின் நடுவில் தொடங்கிய இந்தக் கண்ணாடிகளை 1980களில் நியூயார்க்கின் ஹிப்ஹாப் இளைஞர்கள் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். கனத்த சட்டம், பொன்னிறக் கட்டுகள், தொலைவிலிருந்தே கண்ணில் படும் வடிவம். இதில் உட்பக்கம் படிப்பது மிக எளிது: "ஃபிரேம் டபிள்யூ. ஜெர்மனி" என்று இருந்தால், அது 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைவதற்கு முந்தைய நாட்டின் பெயர். பின்னாளில் இதே மாடல்களைத் திரும்பவும் தயாரித்தார்கள். அவற்றில் வெறும் "ஜெர்மனி". ஓர் எழுத்து விலையைப் பல மடங்கு மாற்றுகிறது. பெர்சோலிலும் இப்படித்தான்: 1917இல் டூரினில் தொழிலைத் தொடங்கிய ஜுசெப்பே ராட்டியின் பெயர் முத்திரையில் சேர்ந்திருந்தால் அது, 1995இல் லக்ஸோட்டிகாவின் கைக்குப் போவதற்கு முந்தைய வேலை என்று கொள்ளலாம். ஜப்பானிய வேலை என்றால் ஃபுக்குயி மாகாணத்துச் சபாயே நகரம். பனிக்காலத்தில் வயல்வேலை இல்லாத உழவர்களுக்காக 1905இல் அந்த வட்டாரத்தில் தொடங்கிய கைத்தொழில், பின்னாளில் ஐரோப்பிய வடிவமைப்பாளர் பலரின் பெயர் தாங்கிய சட்டங்களைச் செய்து கொடுத்தது. அந்தச் சட்டங்களின் கீல்களைத் திறந்து மூடிப் பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கும்.

இனி, நம் ஊரில் சேர்ப்பவருக்கு முதல் எதிரியான வெப்பத்தைப் பற்றி. பழைய சட்டங்களில் பெரும்பான்மையானவை அசிடேட். பஞ்சு நார், மரக்கூழ் ஆகியவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்வது. கரிசல் காட்டு ஜின்னிங் ஆலைகளில் பருத்திக் கொட்டையின் மேல் ஒட்டி மிஞ்சும் குறும்பஞ்சும் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. இதை வளையும்படி வைத்திருக்க இன்னொரு வேதிப்பொருளைச் சேர்த்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, சூட்டிலும் ஈரத்திலும் அது வெளியே கசிந்து, சட்டத்தின் மேல் வெண்மையாகப் பூக்கும்; சட்டம் சுருங்கும், கைகள் வில்லாக வளையும். அதற்கும் மேலே போனால் அசிடேட்டே சிதைந்து, உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியையும் கெடுக்கும் என்பதால், வாடை வந்ததை உடனே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஸ்டீல் பீரோவின் மேல் தட்டில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதைவிட மோசமான இடம் வேறில்லை. நான் தரைத்தளத்து அறையில், வெயில் படாத சுவரோரம், மர அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைக்கிறேன். கைகளை மடக்கி நசுக்குவதில்லை, அந்துருண்டை போடுவதில்லை. அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும்.

அசிடேட்டுக்கு முந்தையது செல்லுலாய்டு. சட்டத்தை உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால் கற்பூர மணம் வந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம், ஏனென்றால் அதைச் செய்யக் கற்பூரத்தையே சேர்த்தார்கள். கற்பூரத்தைப் போலவே எளிதில் தீப்பற்றவும் செய்யும். பூசை அறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றை மட்டும் நான் எந்த விலைக்கும் வாங்குவதில்லை. பழைய சட்டங்களில் சில உண்மையான ஆமை ஓட்டில் செய்தவை. அந்த ஓடு அழுங்காமையினுடையது. நம் மன்னார் வளைகுடாவில் வாழும் உயிர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. உலக அளவிலும் அதன் வணிகம் தடுக்கப்பட்டிருக்கிறது. பழையது, தாத்தா காலத்தது என்ற சமாதானங்கள் சந்தையில் சொல்லப்படும். சட்டவிதியை விடுங்கள், பவளப்பாறைகளுக்கு நடுவே மேயும் ஒரு பிராணியின் முதுகை மூக்கின் மேல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே புள்ளி வேலைப்பாட்டை அசிடேட்டில் எவ்வளவு அழகாகக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் என் ஆர்வம். இத்தாலியின் மட்ஸுக்கெல்லி போன்ற ஆலைகள் பல நிறத் துண்டுகளைச் சேர்த்தழுத்திச் செய்த அந்தப் பலகைகள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆமை ஓட்டைவிட ஆழமாகத் தெரியும்.

சேர்த்ததை அணியலாமா என்பது அடுத்த கேள்வி. அணியலாம், ஆனால் லென்ஸைச் சோதித்த பிறகு. கருப்பாக இருப்பதெல்லாம் கண்ணைக் காக்கும் என்று எண்ணக் கூடாது. இருட்டுக்குக் கண்பாவை விரியும். லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால், விரிந்த பாவை வழியே அந்தக் கதிர் அதிகமாக உள்ளே போகும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்ணின் அருமையை மதுரைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக் கடைகள் சிலவற்றில் புற ஊதாக் கதிரை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. லென்ஸை அதில் வைத்தால் நொடியில் தெரிந்துவிடும். 400 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான கதிரைத் தடுக்காதவற்றை நான் அலமாரியில் மட்டுமே வைக்கிறேன். அணிந்தே தீர வேண்டும் என்று தோன்றுகிற சட்டத்திற்குப் புது லென்ஸ் வெட்டிப் போட்டுக்கொள்வேன். பழைய லென்ஸ்களை மாடல் எண் எழுதிய காகிதப் பொட்டலத்தில் மடித்து, அதே உறைக்குள் வைத்துவிடுவேன், அடுத்து வாங்குபவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பொருத்திக்கொள்ளும்படி.

இதை வாசிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது, மாமாவோ பெரியப்பாவோ கொண்டுவந்த கண்ணாடி ஒன்று பீரோவில் இருக்கக்கூடும். விற்கச் சொல்லிக் கேட்கவில்லை. துடைக்கும்போது நெயில் பாலிஷ் அகற்றும் திரவத்தையோ சானிடைசரையோ தொடாதீர்கள், முன்னது அசிடேட்டைக் கரைத்துவிடும். வெதுவெதுப்புக்கூட இல்லாத தண்ணீரில் ஒரு துளி சோப்பு, மெல்லிய பருத்தித் துணி போதும். மூக்குப் பட்டையின் இடுக்கில் பச்சையாகப் பிடித்திருப்பது செம்புக் களிம்பு, அதைக் கூராக்கிய மூங்கில் குச்சியால் எடுத்துவிடலாம். திருகு இறுகியிருந்தால் முறுக்க வேண்டாம், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். முக்கியமாக, கைகளின் உட்பக்கத்தில் உள்ள எழுத்துகளைத் தேய்த்துவிடாமல், முதலில் ஒரு புகைப்படம் எடுத்து, கொண்டுவந்தவர் இருந்தால் அவரிடமே, எந்த ஊரில் எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டு எழுதி உறைக்குள் வையுங்கள்.